விதியும் வேடமும்
சப்பிரகமுவத் தோட்டங்களின் காமன் கூத்தை முன்வைத்து ஒரு நோக்கு

மாசி மாதத்து அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் தோட்டத்துக் காமன் பொட்டலிலே கம்பம் ஊன்றப்படுகின்றது. கரும்பு, ஆமணக்கு முதலியவற்றை ஒன்றுசேர்த்து வைக்கோற்புரி சுற்றி நடப்படும் அக்கம்பம் அன்று தொட்டுக் காமனாகவே கொள்ளப்படும். நடப்படும் பொருள்கள் ஊருக்கு ஊர் சிறிது மாறுபடினும் நாளும் முறையும் மாறுவதில்லை. பூரணை வரை இரதியும் மன்மதனும் வேடம் புனைந்து தப்பின் தாளத்துக்கு ஆடுவர்; லயங்கள் தோறும் வருவர். பூரணை இரவிற் சிவனது நெற்றிக்கண்ணாற் காமன் எரிக்கப்படுவான். மூன்றாம் நாள் உயிர்த்தெழுவான். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, சேலம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து தோட்டத் தொழிலுக்கென வந்து, பலாங்கொடை, றக்வானை, காவத்தை தொடங்கி எட்டியாந்தோட்டை, தெரணியகலை ஈறாகப் பரந்து கிடக்கும் சப்பிரகமுவத் தோட்டங்களிலும் பிற மலையகப் பகுதிகளிலும் குடியேறிய தமிழர் தம்முடன் கொணர்ந்த வழக்குகளுள் இது தலையாயது.

காமன் கூத்தைப் பற்றி எழுதியோர் அதனை நாடகமாகவோ சடங்காகவோ நோக்கியுள்ளனர். இரண்டும் பொருந்துவனவே. எனினும், அது பலர் கூடி, வரையறுத்த காலத்தில், வரையறுத்த களத்தில், ஒப்புக்கொண்ட விதிகளுக்கு அமைந்து, தாம் அல்லாத பிறராக மாறி ஆடும் ஓர் ஆட்டமுமாகும் என்பது போதிய கவனத்தைப் பெறவில்லை. வேடம் புனைந்து ஆடும் ஆட்டத்துக்கு நல்ல விதி எது என்ற வினா இன்று மேலைநாடுகளிற் பெரிதும் விவாதிக்கப்படுவது. அவ்வினாவுக்குச் சப்பிரகமுவத் தோட்டத்துப் பொட்டலிலிருந்தும் விடை கூற இயலும்.

முதலில் ஒரு தடையைக் கடக்க வேண்டும். பிரான்சிய அறிஞர் றொஜே கையுவா 1958 ஆம் ஆண்டில் ஆட்டங்களைப் பற்றி வெளியிட்ட நூலில் அவற்றை நான்கு வகைப்படுத்தினார்: போட்டி, தற்செயல், போலச்செய்தல், தன்னை மறக்கும் மயக்கம். அத்துடன் நில்லாது, ஓர் ஆட்டம் விதிக்கு உட்பட்டதாக இருக்கும் அல்லது பாவனையாக இருக்கும். விதியும் பாவனையும் ஒருங்கே அமைவதில்லை என்றும் கூறினார். சதுரங்கம் ஆடுவோனுக்கு விதி உண்டு, பாவனை தேவையில்லை. குதிரையாகத் துள்ளும் குழந்தைக்குப் பாவனை உண்டு, விதி தேவையில்லை என்பது அவர் கருத்தின் சாரம்.

தமிழரின் வீட்டு விளையாட்டுக்களை மட்டும் நோக்கினால் இக்கூற்று மெய்யெனவே தோன்றும். ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். தரையிற் கோடு கீறி, மூன்று பெரிய கற்களும் பதினைந்து சிறிய கற்களும் இருந்தால் ஆட்டம் தொடங்கிவிடும். பொதுவழக்கிலுள்ள வரைபடத்தில் 23 சந்திகள். ஆடுகளை ஒவ்வொன்றாகவே இறக்க வேண்டும். எல்லா ஆடுகளும் இறங்கும் வரை இறங்கிய ஆடு நகரலாகாது. புலியோ இறங்கிய கணம் முதல் நகரலாம். அடுத்த சந்தியிலுள்ள ஓர் ஆட்டைத் தாண்டி அப்பாலுள்ள வெற்றிடத்திற் குதித்தால் அவ்வாடு வெட்டுண்டது. ஆடுகளால் எதனையும் வெட்ட முடியாது. மூன்று புலிகளையும் அசைய இடமின்றி அடைத்துவிடுவதே அவற்றின் வெற்றி. இரு பக்கத்தாருக்கும் எண்ணிக்கை வேறு, ஆற்றல் வேறு, இலக்கும் வேறு. ஆயினும் வெல்லும் வாய்ப்பு இருவருக்கும் உண்டு. சமமற்றோரை ஒரே களத்தில் நிறுத்தி ஆடவிடும் இந்நுட்பம் சதுரங்கத்திற் காணப்படாதது. விதியமைப்பிற் தமிழரின் திறத்துக்கு இதனைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. ஆயினும் ஆட்டுக்காரன் ஆடாவதில்லை, புலிக்காரன் உறுமுவதில்லை. பெயரளவிலேயே அங்கு வேடம் உண்டு.

வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடப்படும் பரமபதத்தில் நிலைமை வேறு. அங்கு ஏணியும் பாம்பும் புண்ணிய பாவங்களைக் குறிப்பன. ஆடுவோன் ஓர் உயிராக வைகுந்தம் நோக்கிச் செல்கிறான் என்ற கற்பனையும் உண்டு. ஆனால் அவன் எதனையும் தேர்வதில்லை. தாயக்கட்டை விழுந்தபடி காய் நகர்கின்றது. பாம்பின் வாயில் வீழ்ந்தவன் பாவம் செய்தவனல்லன், எண் பிழைத்தவன். சிறுமியர் சிற்றில் இழைத்துச் சோறு சமைக்கும் விளையாட்டிலோ கற்பனை முழுமையாக உண்டு, விதி இல்லை. மழை வந்தால் அன்றைய குடும்பம் கலைந்துவிடும். ஆக, கையுவாவின் பிரிவினைக்கு இவை யாவும் சான்று பகர்வனவாகவே உள்ளன.

அப்பிரிவினையை மேலைநாட்டில் உடைத்தது போர்ப் பயிற்சியிலிருந்து கிளைத்த ஓர் ஆட்டமரபு. பிரஷ்ய நாட்டில் றைஸ்விற்ஸ் என்பவர் 1812 இல் அரசருக்குக் காட்டிய போராட்டத்தை அவருடைய மகன் திருத்தி 1824 இல் விதிநூலாக வெளியிட்டார். நிலவரைபடத்தின் மீது படைக்காய்கள் நகரும். சேதத்தைப் பகடை நிர்ணயிக்கும். இரு பக்கத்துக்கும் பொதுவான நடுவர் ஒருவர் இருப்பார். காலப்போக்கில் விதிகள் பெருகி ஆட்டம் மந்தமுற்றது. 1876 இல் வெர்டி டு வெர்ன்வா என்ற தளபதி பகடையையும் அட்டவணைகளையும் தள்ளிவிட்டு, அனுபவம் மிக்க நடுவரின் தீர்ப்பே போதும் என வாதிட்டார். விதியா, நடுவரின் அறிவா என்ற அவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. 1969 இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலத்துப் போராட்டமொன்றில் ஆடுவோருக்குப் படைகளுக்குப் பதிலாக ஆட்களைக் கொடுத்தார்: ஒருவர் நகரபிதா, ஒருவர் வங்கியாளர், ஒருவர் பல்கலைக்கழக வேந்தர். அவரது குழுவைச் சேர்ந்த டேவ் ஆர்னெசனும் விஸ்கொன்சின் மாநிலத்து கேரி கைகக்ஸும் இணைந்து 1974 இல் டஞ்சன்ஸ் அன்ட் ட்றாகன்ஸ் என்ற ஆட்டத்தை மூன்று சிறு நூல்களாக வெளியிட்டனர். மேசையைச் சுற்றியிருப்போர் வீரனாகவும் மந்திரவாதியாகவும் மதகுருவாகவும் தம்மைப் பாவித்து, இன்னது செய்கிறேன் என வாயாற் கூறுவர். நடுவர் உலகத்தை விவரிப்பார். ஐயத்துக்குரிய இடத்திற் பகடை உருளும். பாவனையும் விதியும் ஒரே மேசையில் அமர்ந்தன. அவ்வாட்டத்துக்கு முடிவில்லை, வென்றவரும் இல்லை. நூலிலே சொல்லப்படாதவற்றை ஆடுவோர் தாமே வகுத்துக்கொள்ள வேண்டுமென்று மூன்றாம் நூலின் இறுதியில் ஆசிரியர்களே ஊக்குவித்தனர். (அதே 1974 இல் இலங்கைத் தோட்டங்களிலே உணவுப் பஞ்சம் உயிர்களைக் காவுகொண்டது என்பதையும் மறந்துவிடலாகாது. வேடம் புனைந்து ஆடுதல் வயிறு நிறைந்தோரின் பொழுதுபோக்கு மட்டுமன்று என்பதற்குக் காமன் பொட்டலே சாட்சி.)

இனி அப்பொட்டலுக்குத் திரும்புவோம். அங்கு முதல் விதி புகுவிதி. வேடம் ஏற்போர் காப்புக் கட்டி விரதம் காக்க வேண்டும். புலாலும் மதுவும் விலக்கு. பிள்ளைப்பேறு, நோய் நீக்கம் முதலியவற்றை வேண்டி நேர்ந்துகொண்டு வேடம் ஏற்போரும் உளர். காப்பு கையில் ஏறியது முதல் அவிழும் வரை அம்மனிதன் இரு பெயர் உடையவன். இதன் முக்கியத்துவம் தோட்டத்து நாளொழுங்கின் பின்னணியிலேயே விளங்கும். காலையிற் பெரட்டுக் களத்தில் ஆளெண்ணி வேலைக்கு அனுப்புவதும், கொழுந்தின் நிறையையோ றப்பர்ப் பாலின் அளவையோ பார்த்து முழுப்பேரா அரைப்பேரா எனக் கணக்கப்பிள்ளை பதிவதுமே தோட்டத் தொழிலாளிக்கு வெளியார் வகுத்த விதி. அப்பதிவேட்டிலே அவன் ஒரு பேர் மட்டுமே. மாலையில் அதே ஆள் மன்மதன். துரையின் கைக்கடிகாரம் ஆளும் நாளுக்குள் பிறையின் கணக்கு ஆளும் இன்னொரு காலத்தை நுழைத்துவிடுவது இக்கூத்தின் புகுவிதி. சப்பிரகமுவத்தின் தாழ்நிலத் தோட்டங்களுக்கு இதிலொரு வாய்ப்பும் உண்டு. மாசியை ஒட்டிய காலத்தில் றப்பர் மரங்கள் இலையுதிர்ப்பன, பால் குறையும். விடியலிலே தொடங்கும் பால்வெட்டு மதியத்துக்குப் பின் தொழிலாளியை விடுவித்தும் விடும். தென்மேற்குப் பருவமழையும் தொடங்கியிராது. திறந்த வெளியில் இரவிரவாக ஆடுவதற்கு இதனினும் ஏற்ற பருவம் அம்மழைநாட்டில் அரிது.

இரண்டாவது, ஆடுவோருக்கிடையிலான வேறுபாடு. மன்மதன், இரதி, சிவன், தூதன், வீரபத்திரன், கோமாளி ஆகியோருக்கு ஒரே கடமை இல்லை. ஒரே அளவு சுதந்திரமும் இல்லை. இரதியும் மன்மதனும் நாள்தோறும் ஆட வேண்டியவர்கள். அடவும் பாட்டும் அவர்களுக்கு இறுக வரையறுக்கப்பட்டவை. தூதன் ஓரிரவில் தீப்பந்தத்துடன் பாய்ந்து வருபவன். கூட்டத்தைப் பிளந்து ஓடும் உரிமை அவனுக்கு உண்டு. கோமாளியின் வாய்க்கோ எந்தப் பாடமும் இல்லை. கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் அவர்கள் முன்னிலையிலேயே நையாண்டி செய்யும் இடம் அவனுடையது. ஆடுபுலியிற் கண்ட சமமின்மை இங்கு வேடங்களுக்கிடையில் அமைந்திருப்பதைக் காணலாம். இவர்களையெல்லாம் இயக்குபவர் கூத்து மாஸ்டர். பாட்டெடுத்துக் கொடுப்பதும், எவர் எப்போது பொட்டலில் இறங்க வேண்டுமெனத் தீர்மானிப்பதும், ஐயம் எழுமிடத்து முறை இதுவெனச் சொல்வதும் அவர் பொறுப்பு. வெர்டி டு வெர்ன்வா வேண்டிய நடுவரை, அவர் பெயரையே அறியாத தோட்டத்து மக்கள் தம்மிடையே வைத்திருந்தனர்.

மூன்றாவதாக, பகடையைப் பற்றிய வினா. காமன் கூத்திற் பகடை இல்லை. கையுவா கூறிய நான்கனுள் தற்செயலுக்கு இங்கு இடமில்லை எனத் தோன்றும். அவ்வாறு கொள்வது அவசரமாகும். பகடை செய்யும் பணி யாது? முடிவை ஆடுவோரின் விருப்பத்திலிருந்தும் நடுவரின் விருப்பத்திலிருந்தும் பிரித்து, இருவருக்கும் அப்பாற்பட்ட ஒன்றிடம் ஒப்படைப்பதே. பூரணை இரவில் அப்பணியைச் செய்வது அருள். சிவனாகவோ வீரபத்திரனாகவோ நிற்பவருக்கு ஆவேசம் எக்கணம் வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என மாஸ்டரும் அறியார். பாட்டும் தப்பும் அதற்காகக் காத்திருக்கும். வந்தபின் அதனைத் தாங்கிப் பிடிக்கவும் தணிக்கவும் ஆட்களும் முறையும் முன்னரே ஏற்படுத்தப்பட்டிருக்கும். எதிர்பாராததை எதிர்பார்த்து வைக்கும் இம்முறையே இக்கூத்தின் விதியமைப்பில் மிக நுட்பமான பகுதி எனலாம். போலச்செய்தலும் மயக்கமும் தற்செயலும் இங்கு ஒரே ஆளின் உடலிற் சந்திக்கின்றன.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகின்றது. காமன் எரிவான் என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்துக் காமதகனப் படலமும், அட்டவீரட்டத் தலங்களுள் ஒன்றாகிய திருக்குறுக்கையின் தலவரலாறும் உறுதிசெய்த கதை அது. முடிவு தெரிந்த ஆட்டத்தில் என்ன சுவை?

விடையைத் தஞ்சைப் பகுதியின் லாவணி காட்டுகின்றது. 1676 முதல் 1855 வரை நீடித்த மராட்டியர் ஆட்சியில் அங்கு வேரூன்றிய இக்கலை, காமன் பண்டிகையுடன் இணைந்து ஒரு வழக்காடு மன்றமாயிற்று. டேப்பும் கையுமாக எதிரெதிரே அமரும் இரு பாடகருள் ஒருவர் எரிந்த கட்சி, மற்றவர் எரியாத கட்சி. காமன் எரிந்தான் என்பதை முன்னவரும், எரியவில்லை என்பதைப் பின்னவரும் புராண ஆதாரங்களுடன் பாட்டாலேயே நிறுவ வேண்டும். வினாவும் பாட்டில், விடையும் பாட்டில். விடை தெரியாதவர் தோற்றவர். கண்முன்னே சாம்பலான ஒருவன் எரியவில்லை என வாதிடுவது எவ்வாறு இயலும்? உயிர்த்தெழுந்த மன்மதன் இரதியின் கண்ணுக்கு மட்டுமே உருவுடையவன், ஏனையோருக்கு அருவன் என்று கதை கூறுகின்றதல்லவா? அந்த ஒரு நிபந்தனையே வழக்கின் உயிர். ஊரார் கண்டது சாம்பல். இரதி காண்பது கணவன். இரு கட்சியும் பொய் சொல்லவில்லை. ஆகையால் எக்கட்சியும் இறுதியாக வெல்வதில்லை. அடுத்த மாசியில் வழக்கு மீண்டும் தொடங்கும். மூன்றாம் நாட் பொட்டலிலே மன்மதன் வேடத்தான் கூட்டத்தின் நடுவில் நிற்க, அவனை இரதி மட்டுமே காண்கிறாள் என்பதை அத்தனை பேரும் ஒப்புக்கொண்டு நிற்கின்றனர். பார்வையாளரும் அக்கணத்தில் ஆடுவோராகிவிடுகின்றனர். கதையின் போக்கை முற்றாக இறுக்கிவிட்டு, அதன் பொருளை மட்டும் தீர்ப்பின்றித் திறந்து வைத்த விதி இது. கைகக்ஸும் ஆர்னெசனும் கதையைத் திறந்துவிட்டு, தாக்குதலின் கணக்கை இறுக்கினர். எதை இறுக்குவது, எதைத் தளர்த்துவது என்பதில் இரு மரபும் எதிரெதிர்த் திசையிற் சென்றன. எங்கேனும் ஓரிடம் தளர்ந்தே இருக்க வேண்டுமென்பதில் ஒன்றுபட்டன.

இவ்வளவும் கூறிய பின் இக்கூத்தின் குறைகளை மறைப்பது நேர்மையாகாது. காமன் பொட்டலில் ஆட்டத்துக்குரிய விதிகளுடன் ஊருக்குரிய விதிகளும் கலந்தே ஆடின. தப்படித்தல் ஒரு சாதியார் மீது சுமத்தப்பட்ட கடமையாயிருந்தது. தப்பு ஒலியாவிடிற் கூத்து இல்லை. ஆயினும் அதனை ஒலிப்பவனுக்குப் பொட்டலின் நடுவில் வேடம் இல்லை. பெண்களின் நிலையும் இத்தகையதே. கொழுந்து கொய்யும் கைகளிற் பெரும்பாலானவை பெண்களுடையவை. ஒப்பாரி பெண்களின் கலை. அவ்வாறிருந்தும் கணவன் எரிந்த இரவில் இரதியின் ஒப்பாரியைப் பாடும் உரிமை மரபின்படி பெண்வேடமிட்ட ஆணுக்கே உரியதாயிருந்தது. கோமாளிக்குக் கங்காணியை எள்ளும் சுதந்திரத்தை அளித்த அதே பொட்டல், தப்புக்காரனுக்கும் பெண்ணுக்கும் அதை அளிக்கவில்லை. வேடம் என்பது பிறராக மாறும் வாய்ப்பு. அவ்வாய்ப்பைப் பிறப்பால் அளந்து கொடுப்பது சமூகத்தின் விதியே அன்றி ஆட்டத்தின் விதியன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு: ஒரு விதியை நீக்கிப் பார்த்தால் ஆட்டம் நிற்கின்றதா, வீழ்கின்றதா?

வரலாறு அச்சோதனையைத் தானே நடத்தியது. 1948 இற் குடியுரிமை பறிபோன மக்களுட் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வகுத்தது. ஒரு லயத்தில் ஒரு குடும்பம் போக, அடுத்த குடும்பம் எஞ்சியது. 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள், சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக்கிடந்த சப்பிரகமுவத் தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கின. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டத்தார் வீடிழந்து ஓடினர். வன்னிக்குச் சென்றோர் பலர். நீலகிரி சென்றோர் பலர். ஒரு தோட்டத்தைக் கலைப்பது ஒரு கூத்தைக் கலைப்பதுமாகும். பாட்டு ஓரளவு தப்பிற்று. சி. வி. வேலுப்பிள்ளையின் மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1983 இல் நூலுருப் பெற்றது, பின்வந்தோரும் தொகுத்தனர். ஆனால் தொகுப்பாளரின் நாட்டம் பெரிதும் பாடல்களிலேயே நின்றது. எந்நாளில் எவர் எத்திசையில் நிற்க வேண்டும், அருள் வந்தவரை எப்போது தணிக்க வேண்டும், கோமாளி எதுவரை பேசலாம் என்பன மாஸ்டரின் நினைவில் இருந்தவை. மாஸ்டர் கப்பலேறினால் அவையும் கப்பலேறின. அமெரிக்க ஆட்டத்தில் விதியே அச்சேறியது, கதை ஆடுவோர் வாயில் இருந்தது. இங்கோ கதையை எல்லோரும் அறிந்திருந்தனர், விதியைச் சிலரே அறிந்திருந்தனர்.

மேடைக்கு வந்தபோது இன்னோர் இழப்பு நேர்ந்தது. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனை மேடைக்கேற்பச் சுருக்கிப் புத்துயிரளித்தது பெரும்பணி. விடிய விடிய ஆடிய கூத்தைச் சில மணி நேரத்துக்கு ஒடுக்கியும் அதன் ஆடலும் பாடலும் நிலைத்தன. காமன் கூத்தை அவ்வாறு ஒடுக்குதல் எளிதன்று. கலைவிழாவில் அரை மணி நேரம் ஆடப்படும் இரதி–மன்மதன் ஆட்டத்தில் உடையும் அடவும் தப்பும் உண்டு. காப்பு இல்லை, பிறை இல்லை, காத்திருத்தல் இல்லை. காண்போருக்கும் பங்கில்லை, உயிர்த்தெழுந்தவனைக் காணாதவராய் நிற்க வேண்டிய பொறுப்பு நாற்காலியில் அமர்ந்தவருக்கு இல்லையல்லவா?

மறுபுறம், நீக்கியும் ஆட்டத்தை வீழ்த்தாத விதிகளும் உள்ளன. தப்பை இழிவின் அடையாளமாகக் கருதி அடிக்க மறுத்த தலைமுறை ஒன்று மலையகத்தில் உண்டு. அதனையே தன்மானத்தின் குரலாகக் கையிலெடுத்த தலைமுறையும் உண்டு. எச்சாதியார் அடித்தாலும் தாளம் ஒன்றே. இரதியின் ஒப்பாரியை அவ்வொப்பாரிக்கு உரியவளாகிய பெண்ணே பாடினாலும் பூரணை இரவிற் கம்பம் எரியும். மூன்றாம் நாள் எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் தத்தம் வழக்கை எடுத்துரைக்கலாம். இந்நிலையில் மலையகத்து ஆய்வாளர் மேற்கொள்ள வேண்டிய பணி தெளிவானது. எஞ்சியுள்ள மாஸ்டர்மாரிடம் பாட்டை மட்டும் கேட்டெழுதிக்கொண்டு திரும்பாது, காப்புக் கட்டும் நாள் தொடங்கிக் காப்பு அவிழ்க்கும் நாள் வரை அருகிருந்து, தோட்டம் தோட்டமாக அவ்விதிகளை எழுதிக்கொள்ள வேண்டும். முதலிற் சப்பிரகமுவத்திலே, அங்குதான் ஆட்கள் குறைவு.